மூச்சுக்குழலைத் திறக்கும் மருந்துகள்

நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் சிறு குழல்களைச் சுற்றி மெல்லிய தசை வளையங்கள் உள்ளன. அந்தத் தசையைத் தளர்த்தும் மருந்துகளே மூச்சுக்குழல் விரிப்பிகள். ஆஸ்துமாவிலும், புகையால் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலும் இந்தத் தசை இறுகுகிறது. குழலின் உட்சுவர் வீங்குகிறது. சளி கெட்டியாகி வழியை அடைக்கிறது. குழலின் விட்டம் பாதியாகக் குறைந்தால் காற்றுக்கு ஏற்படும் எதிர்ப்பு இரண்டு மடங்காக நிற்பதில்லை, ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறது. கொஞ்சம் இறுகினாலே ஒருவருக்குப் பேச்சு நின்றுபோவதும், கொஞ்சம் தளர்ந்தாலே அவர் எழுந்து நடப்பதும் இந்தக் கணக்கால்தான். விரிப்பி மருந்து மேற்சொன்ன மூன்றில் முதலாவதைத்தான் சரிசெய்கிறது. தசை தளர்கிறது, வீக்கம் அப்படியே இருக்கிறது. மருந்தை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பது இதிலிருந்தே வருகிறது.

அரியலூர் மாவட்டம் ஆண்டிமடத்துக்கு அருகிலுள்ள வரதராஜன்பேட்டை போன்ற ஊரில் மூச்சுக்குழலைச் சீண்டும் பொருள்களுக்குக் குறைவில்லை. சுற்றுவட்டாரம் முந்திரிக் காடு. தை, மாசியில் முந்திரி பூக்கிறது. பங்குனி தொடங்கி வைகாசி வரை கொட்டை பொறுக்கும் காலம். கொட்டையை வறுக்கும்போது ஓட்டிலுள்ள எண்ணெய் கருகி எழும் புகை கண்ணையும் தொண்டையையும் சேர்த்து எரிக்கும். மாவட்டத்தின் மறுபுறம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் இருப்பதால் கல் ஏற்றிய லாரிகள் போகும் சாலையோரங்களில் தூசு படிகிறது. விறகடுப்பு, கொசுவர்த்தி, சாம்பிராணி, போகிப் புகை, தேர்த் திருவிழா வாணவேடிக்கை, மார்கழிப் பனி ஆகியவையும் உண்டு. புகைபிடிக்காத பெண்ணுக்கு நுரையீரல் அடைப்பு நோய் வராது என்ற எண்ணம் தவறு. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களிடம் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது.

மருந்தின் வகைகள்

விரிப்பிகளில் இன்று அதிகம் புழங்குவது சால்பியூட்டமால். இங்கிலாந்தில் டேவிட் ஜாக் தலைமையிலான குழு 1960களில் உருவாக்கிய இந்த மருந்து 1969இல் விற்பனைக்கு வந்தது. அட்ரினலின் போல வேலை செய்தாலும் பெரும்பாலும் மூச்சுக்குழல் தசையோடு நின்றுகொள்வதே இதன் சிறப்பு. அதற்கு முன்பிருந்த மருந்துகள் இதயத்தையும் சேர்த்து விரட்டின. இழுத்த சில நிமிடங்களில் வேலை தொடங்கும், நான்கு முதல் ஆறு மணி நேரம் நிற்கும். மருந்துக்கடையில் ‘ஆஸ்தலின்’ என்று கேட்டு வாங்கும் நீல நிற இன்ஹேலரில் இருப்பது இதுதான். லெவோசால்பியூட்டமால் இதன் நெருங்கிய உறவு. பாதி அளவே போதும் என்பதைத் தவிர நடைமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஃபார்மோடெரால், சால்மெடெரால் இரண்டும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவை. இவற்றுள் ஃபார்மோடெரால் உடனே வேலை செய்யும். சால்மெடெரால் கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் என்பதால் இழுப்பு வந்த நேரத்தில் அதனால் பயனில்லை. ஆஸ்துமா உள்ளவர் இவற்றைத் தனியே எடுக்கக் கூடாது. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தும் அதே இன்ஹேலரில் சேர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வகை, நரம்பின் கட்டளையைத் தசைக்குப் போகாமல் தடுப்பது. இப்ராட்ரோபியம் கால் மணி முதல் அரை மணி நேரத்தில் வேலை தொடங்கி ஆறு மணி நேரம் நிற்கிறது. டியோட்ரோபியம் ஒரு நாள் முழுக்க நிற்கிறது. புகையால் வந்த அடைப்பு நோயில் இவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. இந்த வகையின் பூர்வீகத்தில் சென்னைக்கும் பங்கிருக்கிறது. ஊமத்தைச் செடியின் உலர்ந்த வேரையும் தண்டையும் பற்றவைத்துப் புகையை இழுப்பது இங்கே பழைய நாட்டு வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதைத் தம் நோயாளிகளுக்குப் பரிந்துரைத்தார். ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி 1802இல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அதன்பின் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவில் ‘ஆஸ்துமா சிகரெட்’ கடைகளில் விற்றது. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் வகைப் பொருள்கள் குழலைத் திறப்பது உண்மைதான். ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் வாய் வறண்டு, பார்வை மங்கி, புத்தி பேதலித்து உயிரே போகும். புகையும் தன் பங்குக்கு நுரையீரலைக் கெடுக்கும். இப்ராட்ரோபியம் அதே அட்ரோபினின் மூலக்கூறைத் திருத்தி, இரத்தத்திலும் மூளையிலும் எளிதில் கலக்காதபடி செய்யப்பட்டது. திருத்திய மருந்து கடையில் கிடைக்கும்போது வேலியோரத்து ஊமத்தையைத் தேடிப் போக எந்த நியாயமும் இல்லை.

நான்காவது, தியோஃபிலின். ‘டெரிஃபிலின்’ என்ற பெயரில் மாத்திரையாகவும் ஊசியாகவும் கிராமங்களில் இன்னும் செல்வாக்கோடு இருக்கிறது. காப்பியில் உள்ள காஃபின் இதற்கு உறவு. மூச்சிரைக்கும்போது கடுங்காப்பி குடித்தால் கொஞ்சம் தேவலை என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஹென்றி ஹைட் சால்ட்டர் என்ற ஆங்கில மருத்துவர் 1860இல் ஆஸ்துமா பற்றி எழுதிய நூலில் அதையே சிறந்த மருந்துகளில் ஒன்றாகச் சொன்னார். காப்பியின் உதவி மிகச் சிறியது. இன்ஹேலர் கையில் இல்லாத நேரத்து ஆறுதல் என்பதற்கு மேல் அதை மதிப்பிட முடியாது. தியோஃபிலினுக்கு வேறொரு சிக்கல் உண்டு. பலன் தரும் அளவும் நஞ்சாகும் அளவும் மிக நெருக்கமானவை. சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் இரத்தத்தில் தியோஃபிலின் ஏறிவிடும். பீடியை நிறுத்தினாலும் ஏறும், ஏனென்றால் புகையே அதை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிக்கொண்டிருந்தது. வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை முதல் எச்சரிக்கைகள். அவற்றை வாயுத் தொல்லை என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்ஹேலரா, மாத்திரையா?

இன்ஹேலர் பழகினால் விடாது, அது கடைசி மருந்து, மாத்திரையிலேயே சமாளித்துவிடலாம் என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. கணக்குப் பார்த்தால் நிலைமை தலைகீழ். சால்பியூட்டமால் இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் (ஒரு பஃப்) வருவது 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையில் இருப்பது 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். நாற்பது பஃப்பின் அளவு. மாத்திரை வயிற்றில் கரைந்து, உடலெங்கும் சுற்றி, கடைசியில் நுரையீரலுக்கு வருகிறது. அதற்குள் கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் வந்துவிடும். வேலை தொடங்கவும் அரை மணி நேரத்துக்கு மேலாகும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் சிரப்புக்கும் இதே குறைகள் உண்டு. இன்ஹேலருக்கு அடிமையாவது என்று ஒன்றும் இல்லை. மருந்து நாள்தோறும் தேவைப்படுவது நோய் நாள்தோறும் இருப்பதால்தான்; இரத்த அழுத்த மாத்திரையை அப்படி யாரும் குறைசொல்வதில்லை.

இழுப்பு வந்தவுடன் மருத்துவரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு திரும்புவது இன்னொரு வழக்கம். பெரும்பாலும் அது டெரிஃபிலினும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும். அன்றிரவு தூக்கம் வரும். ஆனால் மாதாமாதம் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்பவரின் உடலில் சேரும் மொத்த ஸ்டீராய்டு, பல மாதங்கள் இன்ஹேலரில் இழுப்பதைவிட மிக அதிகம். சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது, கண்புரை ஆகியவை அதன் வழியாக வருபவை.

இழுக்கும் முறை

இன்ஹேலரைத் திறமையாகப் பயன்படுத்துபவரிடத்திலும் ஐந்தில் ஒரு பங்கு மருந்துதான் நுரையீரலை அடைகிறது. மற்றது தொண்டையில் ஒட்டி வயிற்றுக்குப் போகிறது. தவறாக இழுத்தால் அந்த ஒரு பங்கும் இல்லை. மருந்து கேட்கவில்லை என்று வருபவர்களில் பலருக்கு மாற்ற வேண்டியது மருந்தை அல்ல, இழுக்கும் விதத்தைத்தான்.

அழுத்தி அடிக்கும் இன்ஹேலரை முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். புதியதாக இருந்தாலும், பல நாள் எடுக்காமல் வைத்திருந்தாலும் இரண்டு முறை வெறும் காற்றில் அடித்துப் பார்ப்பது நல்லது. நேராக உட்கார்ந்து அல்லது நின்று, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, வாய்ப்பகுதியை உதடுகளால் இறுக மூடி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் டப்பாவை அழுத்த வேண்டும். தொடர்ந்து நான்கைந்து விநாடி ஆழமாக இழுத்து, பத்து விநாடி மூச்சை அடக்கி, பிறகு விடலாம். பத்து வரை முடியாவிட்டால் முடிந்த வரை. அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி வேண்டும். வழக்கமான பிழைகள் மூன்று: இழுத்து முடித்த பிறகு அழுத்துவது, வேகமாக உறிஞ்சுவது, ஒரே மூச்சில் இரண்டு முறை அழுத்துவது. வாயிலிருந்தோ மூக்கிலிருந்தோ வெண்புகை வெளியே வந்தால் மருந்தும் வெளியே போனதாகவே பொருள்.

கேப்சூலைத் திறந்து உறிஞ்சும் ரோட்டாஹேலர் போன்ற பொடிக் கருவிகளுக்கு விதி வேறு. அவற்றில் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும், ஏனென்றால் பொடியைக் கிளப்பும் விசை நோயாளியின் மூச்சுதான். கருவிக்குள் மூச்சை விடக் கூடாது. ஈரம் பட்டால் பொடி கட்டிக்கொள்ளும். கேப்சூலை விழுங்கிவிடுவதும் நடக்கிறது. மற்ற மாத்திரைகளோடு ஒரே கவரில் போட்டுக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கேப்சூல் டப்பாவைத் தனியாக, கருவியோடு சேர்த்து வைப்பது பாதுகாப்பு. கடுமையான இழுப்பின்போது வேகமாக உறிஞ்ச வலுவிருக்காது என்பதால் அப்போது பொடிக் கருவியை நம்ப முடியாது.

அழுத்துவதையும் இழுப்பதையும் ஒன்றாகச் செய்ய முடியாதவர்களுக்கு ஸ்பேசர் என்ற கூடு இருக்கிறது. மருந்து முதலில் கூட்டுக்குள் தங்குகிறது, நோயாளி தன் போக்கில் நாலைந்து மூச்சில் அதை இழுத்துக்கொள்கிறார். தொண்டையில் ஒட்டுவது குறைந்து நுரையீரலுக்குப் போவது கூடுகிறது. சிறு குழந்தைகளுக்கு இதிலேயே முகமூடி பொருத்தி, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிக் கொடுக்கலாம். அழுகிற குழந்தைக்கு மருந்து சரியாக உள்ளே போகாது; சமாதானப்படுத்திய பிறகோ, மடியில் உறங்கும்போது மெல்ல முகமூடியை வைத்தோ கொடுப்பவர்கள் உண்டு. ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்பு நீரில் முக்கியெடுத்து, துணியால் துடைக்காமல் தானாக உலரவிட வேண்டும். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்தைச் சுவரிலேயே பிடித்துக்கொள்ளும்.

ஸ்பேசர் வாங்க முடியாத வீட்டுக்கும் வழி உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஹெதர் சார் என்ற குழந்தை மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1999இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் பொருந்தும் அளவுக்குத் துளையிட்டு, சுற்றிலும் பசையால் அடைத்துச் செய்த ஸ்பேசர், கடையில் வாங்கும் ஸ்பேசருக்குச் சமமாகக் குழந்தைகளின் மூச்சுக்குழலைத் திறந்தது. இடைவெளியை அடைக்காத பாட்டில் அவ்வளவு பலன் தரவில்லை. தெர்மாகோல் கோப்பை அதைவிடக் குறைவு. பாட்டிலின் கழுத்தை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டில் கழுவி உலர்ந்ததாக இருக்க வேண்டும், துளை இறுக்கமாக இருக்க வேண்டும், முதல் முறை பயன்படுத்துமுன் சில பஃப்புகளை உள்ளே அடித்து விட வேண்டும். மூவாயிரம் நாலாயிரம் கொடுத்து, மருந்தைப் புகைபோலத் தரும் நெபுலைசர் வாங்க யோசிக்கும் குடும்பம் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

நெபுலைசர் பற்றிய மதிப்பு ஊரில் கொஞ்சம் மிகை. முகமூடி, புகை, இயந்திரச் சத்தம் எல்லாம் சேர்ந்து பெரிய வைத்தியம் நடப்பதுபோலத் தோன்றும். ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத இழுப்பில், ஸ்பேசரோடு இன்ஹேலர் கொடுத்தால் நெபுலைசருக்குச் சமமான பலன் கிடைக்கிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழந்தைகளுக்கு நாடித்துடிப்பு ஏறுவதும் குறைவு. இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது, பக்கத்துக் கடலூர் மாவட்டத்தின் முந்திரிக் கிராமங்களில் பல நாள் மின்சாரம் இல்லை. சட்டைப்பையில் இருந்த இன்ஹேலருக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டில் நெபுலைசர் வைத்திருப்பவர்கள் மருந்துக் கிண்ணத்தையும் முகமூடியையும் ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்த வேண்டும். மருந்தோடு சேர்க்க மருந்துக்கடை உப்புநீரைத் தவிர வேறெதையும், குழாய்த் தண்ணீரைக்கூட, பயன்படுத்தக் கூடாது. ஒருவரின் முகமூடியை இன்னொருவருக்கு வைப்பது சளியைப் பங்கிடுவதாகும். இப்ராட்ரோபியம் கலந்த மருந்தை முகமூடியில் கொடுக்கும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் அழுத்த நோய் உள்ளவருக்கு அது ஆபத்து. புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவருக்கு இதே மருந்து சிறுநீரை அடைக்கக்கூடும்.

வெந்நீர் ஆவி மூக்கடைப்புக்கு உதவும், மூச்சுக்குழல் தசையைத் தளர்த்தாது. தைலம் கலந்த ஆவி சிலருக்கு இழுப்பைக் கூட்டவும் செய்யும். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது இதோடு வரும் தனி ஆபத்து. ஆடாதோடை கதை வேறு. அதன் இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை 1888இல் பிரித்தெடுத்தவர் உதகமண்டலத்தில் அரசுப் பணியில் இருந்த வேதியியலாளர் டேவிட் ஹூப்பர். அந்த வழியில் பிறந்தவையே சளியை இளக்கும் புரோம்ஹெக்சினும் ஆம்ப்ராக்சாலும். இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் குடிப்பவர் குடிக்கலாம். இழுப்பு வந்த இரவில் அதைக் காய்ச்சிக்கொண்டிருக்க நேரமில்லை.

திடீர் இழுப்பு வந்தால்

படுக்க வைக்கக் கூடாது. நிமிர்ந்து உட்காரவைத்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து கைகளை முட்டியிலோ மேசையிலோ ஊன்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும். இறுக்கமான உடையைத் தளர்த்தி, கூடி நிற்பவர்களை விலக்கி, அடுப்புப் புகையிலிருந்து அப்பால் கொண்டுவர வேண்டும். ஸ்பேசரில் சால்பியூட்டமால் ஒரு பஃப் அடித்து நான்கு முதல் ஆறு மூச்சு இழுக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக நான்கு பஃப். நான்கு நிமிடம் காத்திருந்து, குறையவில்லை என்றால் இன்னும் நான்கு. அதற்கும் அசையாவிட்டால் 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை இதையே தொடர வேண்டும். வண்டி வரட்டும் என்று மருந்தை நிறுத்தி வைப்பது பெரும் தவறு. படபடப்பும் கை நடுக்கமும் வரும். அந்த நேரத்தில் அவற்றைவிட அடைபட்ட மூச்சே பெரிய ஆபத்து.

சில அடையாளங்களைக் கண்டால் நான்கு நிமிடக் கணக்குக்குக் காத்திராமல் முதலிலேயே 108ஐ அழைக்க வேண்டும். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க முடியாமை, உதடும் நகமும் நீலம் பாய்தல், கழுத்துக்குழியும் விலா இடைவெளியும் உள்ளே இழுபடுதல், அரைமயக்கம், குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவளுதல் ஆகியவை அவை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி வீட்டில் இருந்து, வழக்கமாக நல்ல அளவு காட்டும் ஒருவருக்கு 92க்குக் கீழே காட்டினாலும் அப்படியே. எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது இன்னொன்று. கீச்கீச்சென்று கேட்டுக்கொண்டிருந்த வீசிங் சத்தம் திடீரென்று அடங்கி, நோயாளி களைத்துச் சாய்ந்தால் வீட்டார் குணமாகிவிட்டதென்று நினைப்பார்கள். காற்றே போகாததால் சத்தமும் நின்றிருக்கலாம். அந்த அமைதி அபாயக் கட்டம்.

நாட்பட்ட அடைப்பு நோயாளிகளுக்கு ஆக்சிஜன் கொடுப்பதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அவர்களில் பலருக்கு 88 முதல் 92 வரை போதும். நூற்றை எட்டவைக்கத் திறந்துவிட்டால் உடலில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரலாம். ஆம்புலன்ஸ் ஊழியரிடம் நோயின் பெயரையும் வழக்கமான ஆக்சிஜன் அளவையும் சொல்வது உதவும். ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனைக்கோ, 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ போகும்போது வீட்டில் எடுக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச்செல்ல வேண்டும். எத்தனை பஃப், எத்தனை மணிக்கு என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டால் மருத்துவருக்கு அதுவே பாதி வேலையை முடிக்கும்.

பஃப் கணக்கு

இன்ஹேலர் ஒன்றில் பொதுவாக 200 பஃப். ஆஸ்துமா கட்டுக்குள் இருப்பவருக்கு நிவாரண மருந்து வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்படாது. ஒரு தடவைக்கு இரண்டு பஃப் என்றால் ஒரு டப்பா ஏறத்தாழ ஒரு வருடம் வரும். வருடத்துக்கு மூன்று டப்பா காலியாகிறவருக்குக் கடுமையான இழுப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. மாதம் ஒரு டப்பா, அதாவது நாளுக்கு ஆறேழு பஃப் போகிறவர்களிடம் ஆஸ்துமாவால் இறக்கும் ஆபத்து அதிகமாகக் காணப்பட்டிருக்கிறது. காரணம் முதல் பத்தியில் உள்ளது. தசை தளர்ந்துகொண்டே இருக்கிறது, நோயாளிக்கு நிம்மதியாகவே இருக்கிறது. உள்ளே வீக்கம் மட்டும் கவனிப்பாரின்றி வளர்கிறது. ஒரு நாள் திறக்க இடமில்லாத அளவுக்கு அது வளர்ந்துவிடும்.

இதனால்தான் உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான ஜினா 2019இல் தன் பரிந்துரையை மாற்றியது. பதின்வயதினரும் பெரியவர்களும் சால்பியூட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிக்கக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் ஏதேனும் ஒரு வடிவில் இருந்தே ஆக வேண்டும் என்றது. புடெசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரைத் தேவைப்படும்போது இழுத்தால், திறக்கும் மருந்தும் வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் ஒருசேரப் போகின்றன. ஒரு நாளைக்கு எத்தனை வரை என்பதை மருத்துவர் எழுதித் தர வேண்டும். ஸ்டீராய்டு இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெண்படை பிடிக்கும், குரல் கம்மும். நம் நாட்டில் நடப்பது பெரும்பாலும் பரிந்துரைக்கு எதிர்த்திசை. நீல இன்ஹேலர் மலிவு, உடனே பலன். ஸ்டீராய்டு இன்ஹேலர் விலை கூடுதல், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். பணம் முடையான மாதத்தில் எது நிறுத்தப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மக்கள் மருந்தகங்களிலும், தமிழக அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் பிராண்டுப் பெயர் இல்லாத மருந்தாகக் கேட்டால் விலை குறைய வாய்ப்புண்டு.

முந்திரி வறுக்கும் வேலைக்கோ, ஓட்டப் பயிற்சிக்கோ போவதற்குக் கால் மணி நேரம் முன்பு இரண்டு பஃப் எடுப்பது வழக்கத்தில் உள்ள முறைதான். ஓட்டத்துக்கு அது பொருந்தும். வறுக்கும் புகைக்கு அது காப்பு அல்ல, ஏனென்றால் திறந்த குழலுக்குள் புகை இன்னும் ஆழமாகப் போகும். முகத்தில் கட்டும் ஈரத்துண்டு பெரிய தூசியைத்தான் பிடிக்கும், எண்ணெய்ப் புகையைப் பிடிக்காது. அந்த வேலையில் காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நிற்பதும், முடிந்தால் உடைக்கும் பக்கத்துக்கு மாறிக்கொள்வதும் மருந்தைவிட மேல்.

ஆஸ்துமா போலத் தோன்றுபவை

விரிப்பி கொடுத்தும் மூச்சிரைப்பு அடங்காவிட்டால் நோயே வேறாக இருக்கலாம். இதயம் பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோத்துப் படுத்தால் மூச்சு முட்டும், கால் வீங்கும், வீசிங் சத்தமும் கேட்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு இருந்தால் சளிப் பரிசோதனை செய்து காசநோயை விலக்க வேண்டும். காவிரிக் கரை மாவட்டங்களில் யானைக்கால் நோய்க் கிருமியும் இப்படி ஏமாற்றியிருக்கிறது. இரவில் இருமலும் இழுப்புமாக வரும் ஒரு நோயை 1940இல் பழைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை மருத்துவர்கள் ஃப்ரிமட் மோலரும் பார்ட்டனும் விவரித்தார்கள். இரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும் இந்த நோய்க்கு மூலம் யானைக்கால் புழு என்பது பின்னால் தெரிந்தது. டி.இ.சி. மாத்திரையில் குணமாகும், எத்தனை இன்ஹேலர் இழுத்தாலும் குணமாகாது. குழந்தைக்கு ஒருநாள் திடீரென்று, சளியோ காய்ச்சலோ இல்லாமல் வீசிங் வந்தால் வேர்க்கடலையோ முந்திரிப்பருப்போ மூச்சுக்குழலில் சிக்கியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். பருப்பு உடைக்கும் வீடுகளில் இது வெறும் புத்தகச் சந்தேகமல்ல.

வேறு நோய்க்கு எடுக்கும் மருந்தும் இழுப்பைக் கிளப்பும். இரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் புரோப்ரனலால், கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு ஆகியவை மூச்சுக்குழலைச் சுருக்கி, சால்பியூட்டமாலின் வேலையையும் தடுக்கும். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு மணிக்கணக்கில் கடும் இழுப்பைக் கொண்டுவரும். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, ஆஸ்துமா உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். சால்பியூட்டமால் அதிகம் போனால் பொட்டாசியம் குறையும், சர்க்கரை கொஞ்சம் ஏறும். நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவரும் இதய நோயாளியும் சர்க்கரை நோயாளியும் இதை நினைவில் வைக்க வேண்டும். கர்ப்பிணிகள் பயந்து இன்ஹேலரை நிறுத்துவது கூடாது. கட்டுப்படாத ஆஸ்துமாவில் தாய்க்குக் குறையும் ஆக்சிஜன் குழந்தைக்கும் குறைகிறது.

வைப்பும் பராமரிப்பும்

இன்ஹேலரை 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். சித்திரை, வைகாசியில் வண்டிப் பெட்டிக்குள்ளும் ஓட்டுக்கூரையின் கீழும் அதைவிட மிக அதிகம் சூடேறும். மண்பானை அருகிலோ உள்ளறை அலமாரியிலோ வைப்பது நல்லது. குளிர்ப்பெட்டியில் உறைய விடக் கூடாது. அழுத்தும் டப்பாவைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் உறையை மட்டும் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். இல்லாவிட்டால் துளையில் மருந்து உறைந்து அடைக்கும். எண்ணிக்கை காட்டும் முகப்பு இல்லாத டப்பாவில், திறந்த தேதியை மேலே எழுதி, பஃப்புகளைச் சுவர் நாட்காட்டியில் குறித்துவருவதே நம்பகமான வழி. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் குலுக்கிப் பார்ப்பதும் ஏமாற்றும். மருந்து தீர்ந்த பிறகும் வாயு மிச்சமிருந்து புஸ்ஸென்று வரும். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பையில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் இருக்க வேண்டும். வகுப்பாசிரியருக்கு எடுக்கும் முறையைக் காட்டிவைக்க வேண்டும். காலி டப்பாவுக்குள்ளும் அழுத்தம் இருக்கும் என்பதால் அதைத் துளைக்கவோ குப்பையோடு சேர்த்து எரிக்கவோ கூடாது.